பனிமலையில் ஒரு கம்பிப் பாடம்

அமெரிக்கா என்றதும் நமக்கு நயாகராவும் நியூயார்க் கட்டடங்களும்தான் ஞாபகத்துக்கு வரும். கொலராடோ மாநிலத்தைப் பற்றி அவ்வளவாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கடலே எட்டிப் பார்க்காத மலைநாடு அது. அதன் தலைநகர் டென்வர், கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில், அதாவது 5,280 அடியில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே காரில் சுமார் 75 மைல் ஏறினால் காப்பர் மௌண்டன் என்ற இடம் வரும். 1972-ல் திறக்கப்பட்ட பனிச்சறுக்குத் தலம். போன குளிர்காலத்தில் பத்து சனிக்கிழமைகளை நான் அங்கேதான் கழித்தேன்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள் இல்லை நான். தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்கு ஒத்தாசையாக 2024 டிசம்பரில் டென்வர் போனேன். பத்தியச் சமையல், பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல், தூளி என்று கை நிறைய வேலை. ஆனால் தங்கையின் மூத்த பெண்ணுக்குப் பதினோரு வயது. அவளுக்குச் சனிக்கிழமைதோறும் காப்பர் மௌண்டனில் ஸ்கீ வகுப்பு. பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தார் தங்கள் பையனுடன் அவளையும் காரில் கூட்டிப் போவார்கள். பெரியவர் ஒருத்தர் துணைக்குப் போகவேண்டுமே, அதற்குத்தான் நான்.

கிளம்புகிற முதல் சனிக்கிழமையே தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இந்த வருஷம் கம்பி மேல சறுக்கணும்னு ஒரே பிடிவாதமா இருக்கா. நான் இந்த உடம்போட வந்து பார்க்க முடியாது. நீ கூட இருந்து பாரு. சரின்னு பட்டா விடு. பயமா இருந்தா வேண்டாம்னு சொல்லிடு. உன் முடிவுதான்" என்றாள்.

திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில், "ரெயிலா? பனியில ரயில் வேற விடறாங்களா?" என்று கேட்டாள். விளக்கிச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "பொம்பளப் புள்ளைடி. கையக் கால ஒடிச்சுக்கிட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். பதில் சொல்ல வேண்டியவள் நான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கம்பி மேல் என்ன வேலை?

மலைச்சரிவில் பனியின்மேல் இரும்புக் குழாய்களையும் நீளமான பெட்டிகளையும் பதித்து வைக்கிறார்கள். காலில் ஸ்கீ கட்டிக்கொண்டு சறுக்கி வந்து, அந்தக் குழாயின்மேல் ஏறி, அதன் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு போய், மறுமுனையில் பனியில் இறங்க வேண்டும். அந்தக் குழாய்க்குத்தான் ரெயில் என்று பெயர். இப்படிப்பட்ட சாமான்களெல்லாம் உள்ள சரிவை டெரெய்ன் பார்க் என்கிறார்கள்.

இது மலையில் பிறந்த விளையாட்டு இல்லை. சக்கரப் பலகையில் போகும் ஸ்கேட்போர்டு பையன்கள் 1980-களில் நகரத்துப் படிக்கட்டுக் கைப்பிடிகளின்மேல் சறுக்கிக் காட்டியதுதான் ஆரம்பம். அதைப் பார்த்துப் பனிப்பலகைக்காரர்கள் மலைக்குக் கொண்டுபோனார்கள். 1990-களின் கடைசியில் முன்னும் பின்னும் இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்த ஸ்கீ வந்தது. அதில் பின்பக்கமாகவும் சறுக்கலாம். அதற்குப் பிறகு ஸ்கீக்காரர்களும் கம்பிக்கு வந்துவிட்டார்கள்.

2014-ல் ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில் கம்பிகளும் தாவல்களும் சேர்ந்த ஸ்லோப்ஸ்டைல் போட்டி ஸ்கீயில் முதல்முறையாக இடம்பெற்றது. பெண்கள் பிரிவில் முதல் தங்கத்தைக் கனடாவின் டாரா ஹவல் வாங்கினார். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பிடித்தவர் எஸ்டோனியா நாட்டு கெல்லி சில்டாரு. 2016-ல் இதே கொலராடோவில் ஆஸ்பன் என்ற ஊரில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது பதின்மூன்றுதான். "பெரிம்மா, எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு!" என்று அவள் விரலை நீட்டிக் காட்டும்போது சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

தொட்டபெட்டாவைவிட உயரம்

டென்வரிலிருந்து போகிற வழியில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வருகிறது. மலையைக் குடைந்து, 11,000 அடிக்கும் மேலான உயரத்தில், ஒன்றே முக்கால் மைல் நீளத்துக்குப் போட்டிருக்கிறார்கள். முதல் குகை 1973-லும் இரண்டாவது 1979-லும் திறந்தது. உள்ளே நுழையும்போது வெயில் அடித்தால், வெளியே வரும்போது பனி கொட்டும்.

காப்பர் மௌண்டனின் அடிவாரமே 9,700 அடி உயரம். நம் ஊட்டியின் தொட்டபெட்டா சிகரம் 8,652 அடிதான். அடிவாரத்தில் நின்றாலே தொட்டபெட்டாவுக்கு ஆயிரம் அடி மேலே நிற்கிறோம். காற்று மெலிந்திருப்பதால் இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை வலிக்கிறது. சும்மா சும்மா தண்ணீர் குடிக்க வேண்டும். முதல் நாள் ஓடியாடக் கூடாது. தலைவலியோடு வாந்தியும் மயக்கமும் வந்தால் பிடிவாதம் பிடிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். வெயிலும் அங்கே உறைக்கும். பனி அதைத் திருப்பி அடிப்பதால் முகத்துக்குச் சன்ஸ்க்ரீனும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெளியே போகக் கூடாது.

இந்த மலைக்கு ஒரு விசேஷம் உண்டு. இயற்கையாகவே மேற்குப் பக்கம் சாய்வு குறைவாகவும், கிழக்கே போகப் போகச் செங்குத்தாகவும் அமைந்திருக்கிறது. அதனால் புதிதாகக் கற்பவர்கள் ஒரு பக்கம், கைதேர்ந்தவர்கள் ஒரு பக்கம். நம்மேல் யாரும் வேகமாக வந்து மோதுவார்களோ என்ற கவலை பாதி குறைந்துவிடும்.

நாற்பத்தாறு வயதில் நடை பழகினேன்

முதல் வாரம் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காபி குடித்தேன். பெண் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். இப்படிப் பார்த்து என்ன முடிவு செய்வது? சைக்கிள் ஏறத் தெரியாதவள் சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கு எப்படி அபிப்ராயம் சொல்வாள்? அடுத்த வாரம் பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் சேர்ந்துவிட்டேன். "அக்கா, நெஜமாவா?" என்று தங்கை சிரித்த சிரிப்பில் பச்சைக் குழந்தை விழித்துக்கொண்டது.

சொல்லிக் கொடுத்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள். ஸ்கீயின் பூட்ஸ் இரும்புச் சட்டி மாதிரி. கணுக்கால் மடங்கவே மடங்காது. முழங்காலைத்தான் மடக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் முன்பக்க எலும்பு எப்போதும் பூட்ஸின் நாக்கைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் ஸ்கீ நம்மை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடும்.

பிரேக் போடுவதற்கு முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, முக்கோணமாக வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைப் பீட்சாத் துண்டு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் வகுப்பிலும் அதே பேர்தான். மேலே ஏறுவதற்கு நகரும் பட்டை ஒன்று இருக்கிறது. அதில் நின்றால் போதும், கொண்டுபோய் விட்டுவிடும். அதற்கு மாயக் கம்பளம் என்று பெயர்.

ஸ்கீயின் இரண்டு ஓரத்திலும் கத்தி மாதிரி எஃகு விளிம்பு இருக்கிறது. அந்த விளிம்பைப் பனியில் அழுத்தினால் பிடிப்புக் கிடைக்கும். திரும்புவதும் நிற்பதும் அதனால்தான். நான்கு சனிக்கிழமை விழுந்து எழுந்து இந்த விளிம்பை நம்பப் பழகினேன். ஐந்தாவது சனிக்கிழமை அந்த அம்மாளிடம் கம்பியைப் பற்றிக் கேட்டேன். "அங்கே இதற்கு நேர் எதிர்" என்றார்.

விளிம்பை மறந்துவிடு

டெரெய்ன் பார்க் வாசலில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை வடிவப் பலகை வைத்திருக்கிறார்கள். நைட்டிக்கு அளவு போடுகிற மாதிரி உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் எஸ், எம், எல் என்று அளவு உண்டு. எஸ் என்றால் தரையோடு தரையாகப் பதித்த அகலமான பெட்டி. மேலே வழவழப்பான ப்ளாஸ்டிக் தகடு. தாவ வேண்டாம், பனியிலிருந்து அப்படியே ஏறலாம். கம்பி அதற்கு அடுத்த படிதான்.

"பனியில் விளிம்பு உன்னைக் காப்பாற்றும். பெட்டியிலும் கம்பியிலும் விளிம்பு உன்னைக் கீழே தள்ளும்" என்றார் அம்மாள். ப்ளாஸ்டிக்கிலும் இரும்பிலும் விளிம்பு கடிக்காது, ஒரு பக்கமாக வழுக்கிவிடும். அதனால் ஸ்கீ தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி தட்டையாகக் கிடக்க வேண்டும். திரும்புவது, நிற்பது, வேகத்தைக் குறைப்பது எதுவும் பெட்டிமேல் கிடையாது. எல்லாவற்றையும் ஏறுவதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். ரொம்ப மெதுவாகப் போனாலும் ஆபத்து. பாதியில் நின்றுபோய்ச் சாய்ந்துவிடுவோம்.

அவர் கற்றுக்கொடுத்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஸ்கீ இல்லாமல், சமதரையில் நின்று, குதித்துக் கால்வட்டம் திரும்ப வேண்டும். இதைத் தங்கை வீட்டுக் கூடத்தில் கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு பழகினேன். பிறகு பனிச்சரிவில் குறுக்காக நின்று, விளிம்பைத் தளர்த்தி, அப்படியே பக்கவாட்டில் வழுக்கி இறங்க வேண்டும். தட்டையாக நிற்பது என்றால் என்ன என்று பாதத்துக்குப் புரிவது அதில்தான். பிறகு பெட்டிமேல் நேராக ஒரு ஓட்டம். பிறகு கொஞ்சம் சாய்ந்த கோணம். கடைசியில்தான் ஸ்கீ பெட்டிக்குக் குறுக்காக இருக்க, பக்கவாட்டில் சறுக்குவது. கால்களை நன்றாக அகட்டி, முழங்காலை மடக்கி, எடையை முன்னால் போகும் காலில் ஒரு பொட்டுக் கூடுதலாக வைத்து, பார்வையைப் பெட்டியின் கடைசி முனையில் நிறுத்த வேண்டும்.

வயல் வரப்பில் நடந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். காலடியைப் பார்த்தால் தடுமாறும். தூரத்துப் பனையைப் பார்த்து நடந்தால் கால் தன்னால் போகும்.

ஆனால் பயம் என்ன செய்கிறது தெரியுமா? உடம்பைப் பின்னால் இழுக்கிறது. பின்னால் சாய்ந்தால் முன்கால் தூக்கிக்கொள்ளும், முதுகோ இடுப்போ தரையில் அடிபடும். விழாமல் இருப்பதற்காகச் செய்வதே விழ வைக்கிறது. எங்கள் அம்மா பின்னாலிருந்து "விழுந்துடாதே, விழுந்துடாதே" என்று கூப்பிடும்போதெல்லாம் நானும் தங்கையும் திரும்பிப் பார்த்துத்தான் விழுவோம். அது ஞாபகம் வந்தது.

எட்டாவது சனிக்கிழமை அந்தத் தரைமட்டப் பெட்டியின்மேல் நேராகச் சறுக்கினேன். நாலு விநாடி இருக்கும். சத்தமே இல்லை. பனியில் கேட்கும் கரகரப்பு நின்றுபோய், பாதத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு வழுக்கல். மறுமுனையில் பனி தட்டியதும்தான் மூச்சு விட்டேன். "பெரிம்மா! பெரிம்மா!" என்று மேலேயிருந்து ஒரு கத்தல். என் சாதனை அவ்வளவுதான். பக்கவாட்டுச் சறுக்கலும் கம்பியும் எனக்குக் கிட்டவில்லை. ஆனால் அந்த நாலு விநாடிக்குப் பிறகு என் தங்கை மகள் என்ன செய்கிறாள் என்பதைக் கண்ணால் அளக்க முடிந்தது.

முடிவு சொல்லும் நாள்

அங்கே 'உட்வர்ட்' என்ற பெரிய பயிற்சிக் கொட்டகை ஒன்று 2009-லிருந்து இருக்கிறது. உள்ளே துள்ளும் வலைகள், நுரைக் கட்டிகள் நிரப்பிய குழிகள். மலையில் செய்வதற்கு முன் அங்கே விழுந்து பழகலாம். வெளியே பார்க்குகளும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று படிப்படியாக இருக்கின்றன. பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று நிச்சயமாயிற்று. இது கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிற விளையாட்டு இல்லை. நடைவண்டி பிடித்து, பிறகு சுவர் பிடித்து, பிறகு கைவிட்டு நடப்பது போல ஒவ்வொரு படியாகத்தான் விடுகிறார்கள்.

எங்கள் பெண் பெட்டியில் இரண்டு பக்கமும் திரும்பிச் சறுக்கினாள். பிறகு முழங்கால் உயரம்கூட இல்லாத தட்டைக் கம்பிக்குப் போனாள். முதல் நாள் ஏழெட்டு முறை விழுந்தாள். அடுத்த வாரம் விழுந்ததைவிட நின்றது அதிகம். சரி என்று நான்தான் சொன்னேன்.

மார்ச்சில் கடைசி வகுப்பு. அன்று நடுத்தரப் பார்க்கில் இருக்கும் உருண்டைக் குழாய்க்குப் போக வேண்டும் என்றாள். அதற்குப் பனியிலிருந்து தாவி ஏற வேண்டும். "நான் ரெடி பெரிம்மா" என்றாள். சின்னக் கம்பியில் பத்து முறை காட்டு என்றேன். இடது பக்கம் திரும்பிய ஐந்தும் அழகு. வலது பக்கம் ஐந்தில் மூன்று முறை பின்னால் சாய்ந்தாள். ஆசிரியையைப் பார்த்தேன். அவர் வாய் திறக்கவில்லை, தலையை மட்டும் மெல்ல ஆட்டினார்.

"இந்த வருஷம் வேண்டாம் கண்ணு. வலது பக்கம் உனக்கு இன்னும் பயம் இருக்கு. பயம் போனப்புறம் போ" என்றேன்.

திரும்பும் வழியில், சுரங்கப்பாதை தாண்டி, வீடு வரைக்கும் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கையிடம் நடந்ததைச் சொன்னேன். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டவள், "நான் போயிருந்தா முதல் வாரமே எல்லாத்துக்கும் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள். இரவு சாப்பிடும்போது பெண்ணே வாயைத் திறந்தாள். "வலது பக்கம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். சாக்ஸ் காலோடு கூடத்தில் நின்று இரண்டு பேருமாக வலது பக்கம் குதித்துப் பார்த்தோம்.

தாய்மார்கள் கவனத்துக்கு

பிள்ளைகள் வெளிநாட்டில் வளர்கிற வீடு இன்று நம் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஒரு சனிக்கிழமை வரலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹெல்மெட் இல்லாமல் பார்க்குக்குள் விடாதீர்கள். ஆனால் ஹெல்மெட் இருக்கிறதே என்று எதற்கும் துணியவும் விடாதீர்கள். பெண்களின் ஸ்கீ விளையாட்டுக்காகப் போராடிய கனடாவின் சாரா பர்க், 2012-ல் பயிற்சியில் விழுந்து, இருபத்தொன்பது வயதில் இறந்துபோனார். தலைக்கவசம் அணிந்திருந்தவர்தான் அவர்.

பூட்ஸையும் ஸ்கீயையும் இணைக்கும் பூட்டு, கால் முறுக்கிக்கொண்டால் தானாகக் கழன்றுவிட வேண்டும். எடை, உயரம், வயது, பழக்கம் எல்லாம் பார்த்துத்தான் அதை முடுக்குவார்கள். வாடகைக் கடையில் கேட்கும்போது எடையை மறைக்காமல் சொல்லுங்கள்!

உள்ளே பருத்தித் துணி வேண்டாம். நனைந்தால் காயாது, குளிர் ஏறும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடைதான் நல்லது. சாக்ஸ் ஒரு ஜோடி போதும். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம் வரும்.

விழும்போது கையை ஊன்றக் கூடாது, மணிக்கட்டு போய்விடும். விழுந்தால் உடனே எழுந்து பாதையை விட்டு நகர வேண்டும். பின்னால் அடுத்தவர் வந்துகொண்டிருப்பார். ஏறுவதற்கு முன் இறங்கும் இடம் காலியா என்று பார்க்க வேண்டும்.

முழங்காலை மறக்காதீர்கள். முழங்கால் நடுவிலுள்ள தசைநார் அறுபடுவது ஸ்கீயில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். நான் சொன்னேனே கெல்லி சில்டாரு, முழங்கால் காயத்தால் 2018 ஒலிம்பிக்ஸுக்கே போக முடியவில்லை. குணமாகித் திரும்பி வந்து 2022-ல் பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கினார். தொடைத் தசை பலமாக இருந்தால் முழங்காலுக்குப் பாதுகாப்பு. நாற்காலியில் உட்காரப் போவது போலப் பாதி வரை இறங்கி எழுவது, ஒற்றைக் காலில் அரை நிமிஷம் நிற்பது, இந்த இரண்டையும் தினமும் செய்யச் சொல்லித்தான் அந்த அம்மாள் எங்களை அனுப்புவார். ஏற்கெனவே முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் குக்கர் விசில் வரும் வரைக்கும் அடுப்பங்கரையில் ஒற்றைக் காலில் நிற்கிறேன். பனியும் கம்பியும் இல்லாத திருநெல்வேலியில் மாடிப்படி ஏறுவதற்கு அது ரொம்ப சௌகரியமாக இருக்கிறது.